உள்ளே வைத்த பொட்டு

ஆண்டர்சன்பேட்டை பஜாரில் அனுப்ரியாவின் எலக்ட்ரிகல் கடையைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அவளிடம் ஒருமுறையாவது திட்டு வாங்கியவர்கள். மிக்ஸிக்குள் கரண்டியை விட்டு ஓட்டினீர்களா, தண்ணீரே இல்லாத போரில் மோட்டாரை ஓடவிட்டீர்களா என்று கேட்டு, நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பொருளைக் கையில் வாங்குவாள். ஆனாலும் சனம் அங்கேதான் வரும். அவள் கைபட்ட பொருள் அத்தனை சீக்கிரம் மறுபடி மேசைக்கு வராது. அப்படிப்பட்ட வாய்க்காரி அன்றைக்குக் காலையிலிருந்து யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. மேசைமேல் உதயின் விளக்கு கிடந்தது.

தண்ணீருக்கடியில் பிடித்துக்கொண்டு போகிற விளக்கு அது. கறுப்பு அலுமினியம், ஒரு சாண் நீளம், கையில் எடுத்தால் நல்ல கனம். தலைப்பக்கத்தைத் திருகிக் கழற்றினால் உள்ளே பேட்டரி. திருகுகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம். வெளியே இருக்கிற தண்ணீருக்கும் உள்ளே இருக்கிற கரண்டுக்கும் நடுவில் அந்த வளையம் ஒன்றுதான் காவல்.

கொண்டுவந்தவர் சம்பங்கி. கிணறு, ஏரி, கல்குவாரி என்று எதில் எது விழுந்தாலும் இறங்கி எடுப்பது அவர் பிழைப்பு. தங்க மைன்ஸ் ஓடின காலத்தில் அடியில் பம்ப் செக்‌ஷனில் இருந்தவர். மூடின பிறகு ஊரில் பாதிப்பேர் வேலைக்குப் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடினபோது அவர் தண்ணீரில் இறங்கிவிட்டார். விழுந்த மோட்டாரை எடுப்பார், விழுந்த மாட்டை எடுப்பார், சில நாள் விழுந்த ஆளையும் எடுப்பார். அவரோடு சேர்ந்து இறங்க ஆரம்பித்தவன் உதய். அவனும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தவன்தான். நின்றுகொண்டே தூங்கக் கற்றதுதான் மிச்சம் என்று சொல்லிவிட்டு அதை விட்டவன்.

சம்பங்கிக்குப் பின்னாலேயே உதயின் அம்மா வெங்கடம்மா வந்து, கடை வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த பெயின்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. எழுந்து வீட்டுக்குப் போ என்று சொல்லவும் அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

"இத எரிய வெச்சிக் குடு பாப்பா," என்றார் சம்பங்கி. "இது எரிஞ்சாதான் அவன எடுக்க முடியும்."

நடந்தது பஜாருக்கே தெரியும். பூதிகோட்டை ரோட்டில் ஒரு பழைய கல்குவாரி, பல வருஷமாகத் தண்ணீர் நின்று கடலாகிக் கிடக்கிறது. ஒரு விவசாயி அதில் மிதவை கட்டி மோட்டார் போட்டுத் தக்காளிக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். முந்தாநாள் மிதவை கவிழ்ந்து மோட்டார் அடிக்குப் போய்விட்டது. உதய் இடுப்பில் ஈயக்கட்டி பெல்ட்டும், வாயில் காற்றுக் குழாயும், குழாயோடு சேர்த்துக் கட்டின விளக்குமாக இறங்கினான். மேலே கரையில் கம்ப்ரசர் பக்கத்தில் சம்பங்கி. கொஞ்ச நேரத்தில் குமிழிகள் ஒரே இடத்தில் வர ஆரம்பித்தன. சம்பங்கி குழாயை ஆட்டிப் பார்த்தார். அடியிலிருந்து பதில் அசைவு இல்லை. மயங்கிவிட்டான் என்று பயந்து இழுத்தார். குழாய் வந்தது, கட்டியிருந்த விளக்கும் வந்தது. உதய் வரவில்லை.

விளக்கு அணைந்திருந்தது. சம்பங்கி அதே குழாயைத் தன் வாயில் கவ்விக்கொண்டு இறங்கி இருட்டில் கையால் தடவினார். கல்லும் முள்மரமும்தான் கைக்கு அகப்பட்டன. மறுநாள் ஃபயர் சர்வீஸ்காரர்கள் வந்து பொழுது சாய்கிறவரை படகில் சுற்றிக் கொக்கி போட்டுப் பார்த்தார்கள். ஆழத்தில் இறங்குகிற குழு வேறொரு ஊரில் வெள்ளத்தில் நின்றுகொண்டிருக்கிறது, வர நாளாகும் என்றார்கள். பெங்களூரில் டைவிங் சாமான் விற்கிற கடைக்குப் போன் போட்டால், ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். பஜாரில் விற்கிற வாட்டர்ப்ரூஃப் டார்ச் ஒன்றை வாங்கிக்கொண்டு சம்பங்கி இறங்கிப் பார்த்தார். இரண்டு ஆள் ஆழம் தாண்டுவதற்குள் அது கண்ணை மூடிக்கொண்டது.

உதய் உயிரோடு இருப்பான் என்று யாரும் நினைக்கவில்லை, வெங்கடம்மா உட்பட. இடுப்பில் ஈயம் இருக்கிறவரை அவன் தானாக மேலே வரவும் மாட்டான். வானமோ இரண்டு நாளாகக் கறுத்துக்கொண்டே இருந்தது. ஒரு நல்ல மழை அடித்தால் மேட்டு நிலத்துச் செம்மண் அத்தனையும் குவாரிக்குள்தான் வந்து இறங்கும். அப்புறம் எந்த விளக்கைக் கொண்டுபோனாலும் ஒன்றும் தெரியாது.

அனுப்ரியா முதலில் மல்டிமீட்டரை எடுத்தாள். விளக்கின் பின்பக்கத்து சுவிட்சைத் தள்ளினாள். உள்ளே சின்ன 'டிக்' சத்தம் கேட்டது.

"சுவிட்ச் உயிரோட கீது," என்றாள்.

"நல்லதா போச்சி."

"அது ஒண்ணு மட்டும் இருந்து இன்னா பண்றது."

தலைப்பக்கத்தைத் திருகினாள். அது சுலபத்தில் வரவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்து மறுபடி திருகியபோது, கறுப்புத் தண்ணீர் நாற்றத்தோடு மேசையில் ஊற்றியது. பேட்டரி இரண்டும் ஊறி, முனையில் பச்சை பூத்திருந்தது. ஆக, தண்ணீர் உள்ளே போய்த்தான் விளக்கு செத்திருக்கிறது. எப்படிப் போனது என்பதுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளாமல் சரி செய்வது, ஓட்டை வாளியைத் தேய்த்துக் கழுவி வைப்பதற்குச் சமம்.

சம்பங்கி மேசையோரத்தில் நின்றபடியே பேசினார். கேட்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துப் பேசுகிற நிலையில் அவர் இல்லை.

"படிச்சிப் படிச்சி சொல்லி வெச்சிருந்தேன் பாப்பா. அண்டர்கிரவுண்ட்ல எங்களுக்கு மொத நாள் சொல்லிக் குடுத்ததே அதான். லேம்ப் போய்ட்டா ஒரு அடி நகரக்கூடாது. கைக்குக் கெடைச்சதப் புடிச்சினு அங்கயே உக்காரு, லேம்ப்போட ஆள் வரும். நடந்தியானா ஷாஃப்ட் பள்ளத்துல உழுவ. அதயேதான் இவனுக்கும் சொன்னேன். கேக்கலியே. பயந்துனு எங்கயோ நடந்துட்டான். மோட்டார் கிட்டயே இருந்திருந்தான்னா நான் தடவியே புடிச்சிருப்பேன்."

"மோட்டார் எங்க கீதுன்னு உனுக்குத் தெரியுமாண்ணா?"

"எங்க தெரியுது அந்த இருட்டுல."

வாசலில் வெங்கடம்மா தலையைத் திருப்பாமல் சொன்னாள். "சின்னதுலேர்ந்து அவன் யார் பேச்சு கேட்டான்."

அனுப்ரியா ரப்பர் வளையத்தை ஒரு குச்சியால் நெம்பி எடுத்தாள். வளையம் உட்காருகிற பள்ளத்தை வெள்ளைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்து, துணியைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பாக இருந்தது.

மறுபடி துடைத்தாள். மறுபடியும் சிவப்பு. வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் சிவப்புப் பொடி கட்டிதட்டி, கிரீசோடு குழைந்து, ரப்பரில் ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் வளையம் நசுங்காமல் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. மேலே, ஆழமில்லாத தண்ணீரில் அது தாங்கியிருக்கும். ஆழம் போகப்போக அழுத்தம் கூடி, அந்தப் பொடிக் கட்டியின் பக்கவாட்டில் தண்ணீர் வழி கண்டுபிடித்திருக்கும்.

விரலில் எடுத்துத் தேய்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். குங்குமம்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூசைக்கு எந்தச் சாமானையும் மூடி போட்டபடி வைக்கக்கூடாது. மோட்டாரானால் மூடியைக் கழற்றி, டிரில்லானால் பின்புறத்தைத் திறந்து, சுத்தம் செய்து உள்ளே ஒரு பொட்டு, வெளியே ஒரு பொட்டு. வேலை செய்வது உள்ளேயிருக்கிற பாகம், வெறும் சட்டைக்குப் பொட்டு வைத்து என்ன புண்ணியம் என்று அவள் அப்பா ஆரம்பித்தது. அனுப்ரியாவுக்குப் பூசையில் பெரிய பிடிப்பு இல்லாவிட்டாலும் இதை மட்டும் விட்டதில்லை. பஜாரில் பாதிப்பேர் அன்றைக்குத் தங்கள் சாமானை அவளிடம் கொண்டுவந்துவிடுவார்கள். அவள் பொட்டு வைத்தால் வருஷம் முழுக்க மக்கர் செய்யாது என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

போன மாசம் பூசையன்று உதய் இந்த விளக்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். அவள் தலைப்பக்கத்தைத் திருகப் போனபோது கையை நீட்டித் தடுத்தான்.

"அக்கா, இத தொறக்காத. உள்ள தூசி கீசி போவக்கூடாதாம். சம்பங்கியண்ணன் சொல்லினே இருக்கும்."

"சாமி குங்குமம் தூசியாடா?" என்று கேட்டு அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவனும் சிரித்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விளக்கைத் திறந்து, உள்விளிம்பில் நல்ல பெரிய பொட்டாக வைத்து, மூடித் திருகிக் கொடுத்தாள். பூசைக்குப் பிறகு அந்த விளக்கு முதல்முறையாக ஆழத்துக்குப் போனது முந்தாநாள்தான்.

"இன்னா அது செவப்பா?" என்றார் சம்பங்கி.

அவர் எப்போது பக்கத்தில் வந்து நின்றார் என்று அவளுக்குத் தெரியவில்லை. துணியை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டாள்.

"துரு," என்றாள்.

சம்பங்கி விளக்கைப் பார்த்தார். அலுமினியம் எங்கே துருப்பிடிக்கும் என்று அவர் கேட்கவில்லை. அனுப்ரியாவும் தன் வாயிலிருந்து வந்ததை யோசித்துப் பார்க்கிற நிலையில் இல்லை. அவர் மெதுவாக நகர்ந்து போய் வெங்கடம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அதற்கப்புறம் அவள் கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. மனசு ஒரு பக்கம் அலறிக்கொண்டிருக்க, கை இத்தனை ஒழுங்காக ஓடுவது அவளுக்கே வெறுப்பாக இருந்தது. சொல்லிவிடலாமா என்று வாசல் பக்கம் பார்த்தாள். வெங்கடம்மாவின் முதுகு தெரிந்தது. இப்போது சொன்னால் இந்த விளக்கை யார் தொடுவார்கள், வேறு எந்தக் கடைக்கு எடுத்துப் போவார்கள் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். அது சாக்குதான் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

உள்பக்கத்தைச் சுத்தத் தண்ணீரில் அலசி, ஸ்பிரிட் விட்டுத் தேய்த்து, சூட்டுக் காற்றில் காயவைத்தாள். எல்.இ.டி.யை மட்டும் தனியாகத் தொட்டுப் பார்த்தபோது மங்கலாகக் கண் விழித்தது. அது பிழைத்துவிட்டது. அதற்குக் கரண்டை அளந்து கொடுக்கிற சின்ன போர்டுதான் கருகியிருந்தது. அதைப்போலவே இன்னொன்று கோலார் ஜில்லா முழுக்கச் சுற்றினாலும் கிடைக்காது. டப்பாவைக் கிளறி, பைக்குக்கு மாட்டுகிற எக்ஸ்ட்ரா லைட் ஒன்றைப் பிரித்து, அதன் போர்டை எடுத்து விளிம்பை ராவி உள்ளே நுழைத்தாள். பேட்டரி அவளிடமே புதிதாக இருந்தது. சுவிட்சைத் தள்ளியதும் விளக்கு எரிந்தது. பட்டப்பகலிலேயே கடையின் பின்சுவர் வெளுத்துப்போனது.

வெங்கடம்மா அந்த வெளிச்சத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்தாள். "போலாமா?"

"இரும்மா. இன்னும் தண்ணில போட்டுப் பாக்கல."

வளையம்தான் பாக்கி. சப்மெர்சிபிள் மோட்டாருக்குப் போடுகிற வளையங்கள் ஒரு டப்பா நிறைய அவளிடம் இருந்தன. அளவு பார்த்து ஒன்றைப் போட்டு, பேட்டரிக்குப் பதில் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி உள்ளே வைத்து, மூடி வாளியில் அமுக்கினாள். ஓரத்தில் ஒரு குமிழி கிளம்பியது. அதைக் கழற்றி வீசிவிட்டு இன்னொன்று போட்டாள். அது பள்ளத்தில் உட்காரவே மறுத்தது. வெளியே பேப்பர்க்கடைக்காரன் தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஆரம்பித்தான். ஈரக்காற்று கடைக்குள் வந்தது.

மூன்றாவது வளையத்தைப் போடுமுன் பள்ளத்தை மறுபடி துடைத்தாள். துணி வெள்ளையாக வந்தது. நம்பிக்கையில்லாமல் திரும்பவும் துடைத்தாள். விரல் நகத்தின் இடுக்கில் சிவப்பு ஒட்டியிருந்ததைக் கண்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து வளையத்துக்கு சிலிகான் கிரீஸ் தடவினாள். இந்தமுறை வாளியில் குமிழி வரவில்லை.

"வாளியில வரலன்னா குவாரியில வராதுன்னு இல்ல," என்றாள் சம்பங்கியிடம். "அங்க கயித்துல கட்டி உட்டுப் பாக்கணும். நானும் வரேன்."

உதயின் சிநேகிதன் எல்வின் ஆட்டோ ஓட்டினான். கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவனும் அவன்தான். வெங்கடம்மா விளக்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அது உதய் பூசைக்குக் கொண்டுவந்த அதே துண்டு.

குவாரி மூன்று பக்கமும் செங்குத்தாக வெட்டின பாறை. நாலாவது பக்கம் லாரி இறங்கின சரிவு, அப்படியே தண்ணீருக்குள் போய் மறைந்தது. மோட்டார் போட்டிருந்த விவசாயி ஒரு கல்லின்மேல் குந்தியிருந்தவர், இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார். மோட்டாரைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. தண்ணீர் வானத்தின் நிறத்தில், அசைவில்லாமல் கிடந்தது.

டிஷ்யூ வைத்து மூடின விளக்கைக் கல்லோடு சேர்த்துக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். கயிறு ஓடிக்கொண்டே இருந்தது. அடி தட்டியதும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்துவிட்டு இழுத்தார்கள். அனுப்ரியா வெளிப்புறத்தைத் துடைத்துத் திருகித் திறந்தாள். டிஷ்யூ பேப்பர் வைத்தது வைத்தபடி உலர்ந்திருந்தது. இத்தனை நல்ல வேலையை அவள் ரொம்ப நாளாகச் செய்ததில்லை. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பேட்டரியைப் போட்டு மூடி சம்பங்கியிடம் நீட்டியபோது வெங்கடம்மா குறுக்கே வந்தாள். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். கோயில் குங்குமம்.

"ஒரு பொட்டு வெச்சிக் குடும்மா."

அனுப்ரியாவுக்குக் கை எழவில்லை. "நீயே வைம்மா," என்றாள்.

"நீ வை. பூசைக்கு உங்கிட்டதான் எடுத்துனு வந்தான். அக்கா கையால வெச்சிச்சின்னு வந்து சொன்னான். உன் கை நல்ல கை."

அனுப்ரியா தரையைப் பார்த்தபடி நின்றாள். வெங்கடம்மா பொட்டலத்தை நீட்டியபடியே இருந்தாள். எல்வின் கம்ப்ரசரை ஓடவிட்டான். அந்தச் சத்தம் பாறையில் மோதித் திரும்பியது.

"வெச்சிக் குடு பாப்பா, மழ வருது," என்றார் சம்பங்கி. பிறகு வெங்கடம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "வெளியதானே. மூடியாச்சி. உள்ள போவாது."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவருக்குக் கடையிலேயே தெரிந்துவிட்டிருக்கிறது. அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதைத் தாங்குவது சுலபம். குங்குமத்தைத் தொட்டு விளக்கின் தலையில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்தாள். சம்பங்கி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கயிறு ஒன்றை இடுப்பில் முடிந்து, குழாயைக் கவ்வியபடி சரிவில் இறங்கித் தண்ணீருக்குள் போனார்.

வெளிச்சம் முதலில் பச்சையாகத் தெரிந்தது. அப்புறம் பழுப்பாகிச் சுருங்கியது. ஒரு மங்கல் கொஞ்ச தூரம் அப்படியும் இப்படியும் போய்க்கொண்டிருந்தது. அனுப்ரியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அணையப் போகிறது, இதோ அணையப் போகிறது என்று எண்ணிக்கொண்டே நின்றாள். மங்கல் ஓரிடத்தில் நின்றது. குமிழிகளும் அங்கேயே வந்தன. ரொம்ப நேரம் அது அங்கிருந்து நகரவே இல்லை.

"இன்னாத்துக்கு நின்னுட்டாரு?" என்றான் எல்வின்.

கடைசியில் கயிறு இரண்டு தடவை ஆடியது. எல்வினும் விவசாயியும் சேர்ந்து இழுத்தார்கள். முதலில் சம்பங்கியின் கை வெளிச்சத்தோடு மேலே வந்தது. மறு கையின் அணைப்பில் உதய் இருந்தான்.

சரிவில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அவன் இரண்டு கையும் எதையோ கட்டிப்பிடித்த மாதிரியே மடங்கி விறைத்திருந்தன. அவற்றை யாராலும் நீட்ட முடியவில்லை. சம்பங்கி குழாயைத் துப்பிவிட்டு முழங்காலில் விழுந்தார். விளக்கைப் பக்கத்துப் பாறையில் போட்டார்.

"மோட்டார கட்டிப் புடிச்சினு உக்காந்துனு இருந்தான்," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "முள்ளுல மாட்டல. எங்கயும் நடக்கல. சொன்னபடியே உக்காந்துனு இருந்தான். வெளிச்சம் எடுத்துனு ஆள் வரும்னு உக்காந்திருக்கான். நான்தான் மேலேர்ந்து அவன் வாய்ல இருந்த பைப்ப இஸ்துட்டேன்."

மைன்ஸ் அடியில் லேம்ப் போனவனைத் தேடிக்கொண்டு எப்போதும் யாராவது வருவார்கள். மேலே லேம்ப் ரூமில் யார் லேம்ப் எடுத்துப் போனார்கள் என்று கணக்கு இருக்கும், அடியில் அதே தளத்தில் பத்துப்பேர் இருப்பார்கள். குவாரியில் இவர் ஒருவர், குழாய் ஒன்று, விளக்கு ஒன்று. அதை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. உதயும் யோசிக்கவில்லை. ஒரே ஒரு பேச்சைத்தான் அவன் அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறான்.

வெங்கடம்மா அழவில்லை. மகனின் தலையை எடுத்து மடியில் வைத்து, முந்தானையால் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். காதுக்குள் துடைத்தாள். அப்புறம் சம்பங்கியைப் பார்த்தாள்.

"இது இப்ப எரியுதே. அன்னிக்கி ஏன் அணைஞ்சுது?"

சம்பங்கி அனுப்ரியாவின் பக்கமே திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"துரு."

அத்தோடு விட்டுவிட்டிருக்கலாம். வெங்கடம்மா தலையை ஆட்டிவிட்டாள். துரு என்றால் துரு, இந்த ஊரில் எதைத்தான் துரு தின்னவில்லை. அனுப்ரியா வாயை மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறிக் கடைக்குப் போய்விட்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. காலையில் அவள் சொன்ன பொய்யை அந்தக் கிழவர் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு மண்டியிட்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"துரு இல்லம்மா," என்றாள். "நான் வெச்ச குங்குமம். பூசையன்னிக்கி உள்ள வெச்சேன். வேணாம்னு சொன்னான், நான் கேக்கல. அது ரப்பர்ல மாட்டினு தண்ணி உள்ள போயிடுச்சி."

எல்வின் கம்ப்ரசரை நிறுத்தியிருந்தான். முதல் துளிகள் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. வெங்கடம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள், என் வயிற்றில் அடித்தாயே என்று கத்துவாள் என்று அனுப்ரியா காத்திருந்தாள். அதில் ஏதாவது ஒன்று நடந்தால் போதும் என்று ஏங்கினாள்.

வெங்கடம்மாவின் பார்வை அவளைவிட்டு நகர்ந்து பாறைமேல் கிடந்த விளக்குக்குப் போனது. பொட்டு தண்ணீரில் கரைந்து போயிருந்தது. விளக்கு உதயின் முகத்தைப் பார்த்து, கொஞ்சமும் குறையாமல் எரிந்துகொண்டிருந்தது. அவள் ஒரு கையை மகனின் கண்களுக்கு மேலே மறைப்பாக வைத்துக்கொண்டாள்.

"அத அணைம்மா," என்றாள். "அவன் கண்ணுல அடிக்குது."

அனுப்ரியா குனிந்து விளக்கை எடுத்தாள். சுவிட்ச் ஈரத்தில் வழுக்கியது. இரண்டு மூன்று தடவை தள்ளிய பிறகுதான் அணைந்தது.